கைமணல்

அரையிறுதி ஆட்டத்தின் முடிவு காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. சுயம்புக்கனியின் அணி பதினொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. மைதானத்தில் அப்போதுதான் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கிக்கொண்டிருந்தார்கள், கோடுகூடப் போடவில்லை. அமைப்பாளர்கள் இரண்டு அணிகளுக்கும் பொங்கலும் வடையும் கொடுத்து, ஊர் திரும்ப வண்டியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜெயித்த அணியும் துள்ளிக் குதிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் தாங்கள் தோற்ற செய்தி அவர்களுக்கும் அதே நேரத்தில் வந்திருந்தது.

சுயம்புக்கனி அந்தக் கபடி அணியின் தலைவி. இருபத்தாறு வயது. ஈர மண்ணில் தனியாகப் போய் நின்றாள். மதியம் அங்கே மலர்க் கண்காட்சிக்குப் பந்தல் போட வேண்டும், கொஞ்சம் ஒதுங்கினால் நல்லது என்று ஒருவர் வந்து பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவளும் ஒதுங்கிக்கொண்டாள்.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. முன்கணி சொன்னால் சொன்னதுதான். மிளகளவே இருக்கும் அந்தக் கருவி எல்லார் காதுக்குள்ளும் இருந்தது. மனிதரின் நாடி, உறக்கம், தசை, பேச்சு, நடை அத்தனையையும் இடைவிடாமல் கவனித்து, ஒன்றோடொன்று கலந்து பேசி, அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிவிடும். ஆரம்பத்தில் ஆட்டங்களை நடத்தித்தான் அதைச் சரிபார்த்தார்கள். வருடக்கணக்கில் ஒன்றும் பிசகாமல் போகவே, சரிபார்ப்பது வீண்செலவு என்று விட்டுவிட்டார்கள். முன்கணியால் சாலை விபத்துகள் அருகிவிட்டன. புயலில் ஒரு படகுகூட மாட்டுவதில்லை. சுயம்புக்கனியின் அம்மாவுக்கு வரவிருந்த பக்கவாதத்தை முந்தின வாரமே சொல்லிக் காப்பாற்றியதும் அதுதான். அதனால் அவளால் அதை மனசார வெறுக்கவும் முடியவில்லை.

அந்த முன்கணியால் ஓசையில்லாமல் செத்துப்போன இன்னொன்று சூதாட்டம். பகடை கையை விட்டு நழுவும்போதே மணிக்கட்டின் திருப்பத்தை வைத்து எண்ணைச் சொல்லிவிடும். சீட்டுக் கட்டைக் கலைக்கும் விரல்களைப் பார்த்தே எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். குதிரைப் பந்தய மைதானங்களில் வெண்டைக்காய் பயிரிட்டார்கள். பயனற்றுப் போன சட்டங்களை நீக்குகிறபோது சட்டசபை சூதாட்டத் தடைச் சட்டத்தையும் நீக்கியது. இல்லாத ஒன்றைத் தடுக்க எதற்குச் சட்டம் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டாராம், அவையே சிரித்ததாம்.

சுயம்புக்கனி ஊருக்குத் திரும்பினாள். திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, செக்கச்செவேலென்று விரிந்து கிடக்கும் தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது அவள் ஊர். தேரி என்றால் மணல், மணலைத் தவிர வேறொன்றுமில்லை. ஆடிக் காற்றில் அந்த மணல் இடம்பெயரும். போன வருடத்து மேடு இந்த வருடம் பள்ளமாக இருக்கும். உச்சி மட்டும் வெளியே தெரியப் புதைந்து நிற்கும் பனைகளை அங்கங்கே பார்க்கலாம். உள்ளே போனால் வழி தவறும் என்று ஆடுகளைக்கூட யாரும் ஓட்டிப் போவதில்லை.

அவள் அண்ணன் துரைப்பழம் கனிம ஆய்வுக்கூடம் ஒன்றில் இயற்பியலாளன். தேரியின் எந்தப் பகுதியில் எந்தக் கனிமம் எவ்வளவு என்று வரைபடம் தயாரிக்கும் வேலை அந்தக் கோடையில் அவனுக்கு வாய்த்திருந்தது. வீட்டில் சும்மா கிடப்பதற்குப் பதில் கனியும் அவனோடு போனாள். போகும் வழியெல்லாம் முன்கணி காதுக்குள் ஓதிக்கொண்டே வந்தது. இப்போது வலப்பக்கம் திரும்புவீர்கள். இப்போது தண்ணீர் கேட்பீர்கள். அவளும் கேட்டாள், தாகமாக இருந்ததால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

துரைப்பழம் மணலை ஒரு கிண்ணத்தில் அள்ளி, தகரச் சம்படம் போன்ற கருவி ஒன்றை அதன்மேல் கவிழ்த்தான். கருவி டிக் டிக்கென்று ஒலித்தது. சீரான ஒலி இல்லை. இரண்டு சேர்ந்து வரும், பிறகு மௌனம், பிறகு சடசடவென்று நாலைந்து. கைக்குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுகிற மாதிரி இருந்தது. விளையாட்டாகத்தான், அடுத்த டிக் எப்போது வரும் என்று கனி தன் முன்கணியைக் கேட்டாள்.

"தெரியாது" என்றது முன்கணி.

அந்தச் சொல்லை அது சொல்லி அவள் கேட்டதே இல்லை. காது சரியில்லையோ என்று மறுபடி கேட்டாள். மறுபடியும் தெரியாது என்றது.

"அண்ணே, இது தெரியாதுங்குது."

துரைப்பழம் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "தெரியாதுதான். யாருக்குந் தெரியாது" என்றான்.

"ஒனக்குமா?"

"ஏட்டி, உடையப்போற அணுவுக்கே தெரியாது."

பிறகு நிழலில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினான். இந்த மணலில் தோரியம் கொஞ்சம் கலந்திருக்கிறது. உடம்புக்குத் தீங்கு வருகிற அளவில்லை. அதன் ஒவ்வோர் அணுவும் என்றோ ஒரு கணத்தில் உடையும். ஒன்று இன்று உடைவதற்கும் பக்கத்தில் இருப்பது ஆயிரம் கோடி ஆண்டு அப்படியே கிடப்பதற்கும் காரணம் என்று எதுவும் இல்லை. காரணம் இருந்தால்தானே முன்கணி அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்.

அவன் பேசி முடித்த பிறகும் கனி முன்கணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாது, தெரியாது என்று அது சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டே வந்தது. ஆட்டம் போன நாளிலிருந்து அவள் சிரிக்கவில்லை என்பது துரைப்பழத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த வாரமே சாத்தான்குளம் சாலையோரத்தில், மணல் தொடங்கும் இடத்தில், நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து ஒரு பந்தல் போட்டாள். ஆட்டம் எளிமையானது. புளியங்கொட்டையை வைத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஒத்தையா ரெட்டையாதான். ஆட வருகிறவர் தேரிக்குள் தன் இஷ்டப்படி நடந்துபோய்த் தன் கையாலேயே ஒரு பிடி மணல் அள்ளி வர வேண்டும். அதைக் கிண்ணத்தில் போட்டுக் கருவியைக் கவிழ்ப்பார்கள். குறித்த நேரம் ஆனதும் அது தானாக நின்றுவிடும். அதற்குள் விழுந்த டிக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் பந்தயம். மணலை வேறு எவரும் தொடக்கூடாது என்பதில் கனி கறாராக இருந்தாள். அந்தக் கருவிக்குக் கிலுக்கி என்று பெயர் வந்தது அந்தப் பந்தலில்தான்.

முதலில் ஆடியவர் ஒரு லாரி ஓட்டுநர். கைக்கடிகாரத்தைப் பந்தயம் வைத்துத் தோற்றார். தோற்றதும் சிறிது நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். வீட்டுக்குப் போன் போட்டு, தோற்றுவிட்டேன், தோற்பேன் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை என்று மனைவியிடம் குதூகலமாகச் சொன்னார். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதன்பின் கூட்டத்துக்குக் குறைவில்லை. மணப்பாட்டிலிருந்து சலேத்மேரி என்ற பெண் மீன்குழம்புச் சாப்பாடு விற்க வந்தாள். ஒரு மாதத்தில் அவளும் பந்தல் போட்டுவிட்டாள். போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். எந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவது என்று தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் மணலில் இறங்கினார். பெரிய நகரங்களில் சிலர் இதைப் பார்த்து, கனிமத்தைப் பெட்டிக்குள் அடைத்து வைத்துப் பளபளப்பான கூடங்கள் திறந்தார்கள். அடைத்த பெட்டியை ஒருவரும் நம்பவில்லை. தேரியில் மணல் திறந்து கிடந்தது. காற்று அதை நாள்தோறும் கலைத்துப் போட்டது. அள்ளுவது ஆடுகிறவர் கை. இதில் ஏமாற்ற யாருக்கும் வழியில்லை.

ஆனால் வெறும் பந்தயப் பொருள்களோடு நின்றிருந்தால் அது ஒரு சந்தையாகவே இருந்திருக்கும். அதை மாற்றியவர் ஈரோட்டிலிருந்து வந்த நறுமுகை என்ற இளம் மருத்துவர். பந்தலுக்கு வந்தவர் எதையும் பந்தயம் வைக்காமல் தயங்கித் தயங்கி நின்றார். கனி விசாரித்தாள். கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனை வேலை ஒன்று, பாம்பன் தீவுகளுக்குப் போய்வரும் படகு மருத்துவமனை ஒன்று, இரண்டுக்கும் அவருக்கு அழைப்பு வந்திருந்தது.

"நான் இன்னும் முடிவே பண்ணலைங்க" என்றார் நறுமுகை. "கோயமுத்தூர்ல முன்கணி சொல்லுச்சுன்னு, வீடு வாடகைக்கு விடறவர் எனக்குன்னு வெள்ளையடிச்சு வச்சுட்டாருங்க. ஆஸ்பத்திரில என் பேரு எழுதின பலகையே மாட்டியாச்சு. நான் போறதுக்கு முன்னாடியே எல்லாரும் அங்க போய் எனக்காகக் காத்திருக்கறாங்க. ஒரே ஒரு தடவை, யாருக்கும் தெரியாத ஒண்ணைச் செய்யணும்னு இருக்குதுங்க."

ஒற்றை விழுந்தால் படகு, இரட்டை விழுந்தால் கோவை என்று வைத்துக்கொண்டார். ஒற்றை விழுந்தது. அவர் அழுதாரா சிரித்தாரா என்று பக்கத்தில் நின்ற சலேத்மேரியால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அன்று மாலையே அவர் பாம்பனுக்குப் பஸ் ஏறினார்.

இந்தச் செய்தி பரவியது. எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த வரன், விற்பதா வைத்திருப்பதா என்று தங்கள் வாழ்க்கையின் திருப்பங்களையே கைப்பிடியில் அள்ளிக்கொண்டு மக்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கென்று கனி தனியாகத் தீர்வு மண்டபம் ஒன்று கட்டினாள். அங்கே தோற்பவர் எவரும் இல்லை. எது விழுந்தாலும் அது முன்பே யாருக்கும் தெரியாத வழி.

முன்கணி நிறுவனத்துக்கு இது பொறுக்கவில்லை. காரணமில்லாமல் எதுவும் நடக்காது, தேரி மணலிலும் மறைந்த காரணம் ஒன்று இருக்கிறது, அது தெரியும்வரை மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை எழுதியவர் பிரணதார்த்தி என்ற இளம் பொறியாளர். கனி அவரைப் பெயர் சொல்லித் தேரிக்கு அழைத்தாள். ஒரு பகல் முழுக்க ஆடுவோம், ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் உங்கள் எந்திரம் சொல்லட்டும், நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டால் கடையைச் சாத்துகிறோம் என்றாள். துரைப்பழமே அன்று கிலுக்கியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தான். பாடப்புத்தகத்தில் படித்ததை நம்புவது வேறு, அதன்மேல் தங்கையின் பிழைப்பையே வைப்பது வேறு.

பிரணதார்த்தி நாலு வண்டி நிறைய எந்திரங்களோடு வந்தார். விடிந்ததும் ஆட்டம் தொடங்கியது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள், கல்லூரி மாணவிகள், வழிப்போக்கர்கள் என்று வரிசையாகப் போய் அள்ளி வந்தார்கள். எந்திரம் ஒற்றை என்றது, இரட்டை என்றது. கிலுக்கி தன்பாட்டுக்கு ஒலித்தது. பல ஆண்டுகளில் முடிவு தெரியாமல் நடந்த முதல் போட்டி அதுதான். உலகம் முழுவதும் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயிப்பார் என்று கேட்டவர்களின் காதுகளில் முன்கணிகள் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

பொழுது சாயும்போது கணக்கு வந்தது. எந்திரம் பாதி சரியாகச் சொல்லியிருந்தது, பாதி தவறாக. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

பிரணதார்த்தி நேர்மையான மனிதர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "உங்க ஊர் ஜெயிச்சிடுச்சும்மா" என்றார்.

ஊர் என்று அதை ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. கனி திரும்பிப் பார்த்தாள். பந்தல்கள், அடுப்புப் புகை, மணலில் சிவந்த கால்களோடு நிற்கும் அத்தனை பேர். தண்ணீர் கிடைக்காத, புல் முளைக்காத, ஆடு போகாத இடம். ஆமாம், ஊர்தான் என்று அவளுக்கும் தோன்றியது. கைமணல் என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

கைமணல் வளர்ந்த கதையை அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். மணலை நிறுத்தச் சுவர் கட்டக் கூடாது என்பது முதல் விதி. காற்று அதைக் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே துரைப்பழம் வேலையை விட்டுவிட்டு வந்து ஏறுகால் கட்டடங்களை உருவாக்கினான். மணல் உயர்ந்தால் கால்கள் நீண்டு கட்டடத்தை மேலே தூக்கும்; மேடு நகர்ந்தால் கட்டடமும் மெல்ல அடியெடுத்து வைத்துத் தள்ளி நிற்கும். ஆடி மாதத்தில் பதினேழு மாடி விடுதி ஒன்று விளக்குகளோடு அசைந்து நகர்வதைப் பார்க்கவே கப்பல்களில் வந்தார்கள். கடல்நீரை நன்னீராக்கிக் குழாயில் கொண்டுவந்தார்கள். விமான நிலையம் வந்தது, பல்கலைக்கழகம் வந்தது. படகில் தீவு தீவாகப் போய் வைத்தியம் பார்த்த நறுமுகை, பிற்பாடு இங்கேயே வந்து பெரிய மருத்துவமனையை நிறுவினார். சலேத்மேரியின் மீன்குழம்புப் பந்தல் ஊரிலேயே உயரமான விடுதியாயிற்று. சுயம்புக்கனி நகரத் தலைவி. முப்பது ஆண்டுகளில் அவளுக்கு எதிராக ஒருவரும் நிற்கவில்லை, அவளோடு ஒருவரும் சண்டை பிடிக்கவும் இல்லை. சண்டைக்கு அங்கே இடமே இல்லை. மருத்துவமனையை வடக்கே வைப்பதா தெற்கே வைப்பதா என்றால் ஒரு பிடி மணல். வரியை ஏற்றுவதா என்றால் ஒரு பிடி மணல். விழுந்ததை எல்லாரும் தலை வணங்கி ஏற்றார்கள். எந்திரத்துக்கு அடங்காத மனிதர்களின் நகரம் என்று நுழைவாயிலில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் கனிக்கு இன்னமும் மயிர்க்கூச்செறியும்.

அப்படி இருக்கையில்தான் பிரணதார்த்தி மறுபடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது அவர் முன்கணி நிறுவனத்தின் தலைவர். சவால் விடுவதற்காக அவர் வரவில்லை. உதவி கேட்டு வந்திருந்தார்.

உலகத்தில் முன்கணி முட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். எல்லார் காதிலும் இருப்பது ஒரே அறிவு. இந்தச் சாலை காலி என்று எல்லாருக்கும் சொல்கிறது, எல்லாரும் அதே சாலைக்கு வந்து நெரிகிறார்கள். இன்ன பயிர் விலை போகும் என்கிறது, எல்லாரும் அதையே விதைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு நகரத்தில் அவசர ஊர்திகள் அத்தனையும் ஒரே பாலத்துக்கு வந்து சேர்ந்து, நோயாளிகள் வண்டிக்குள்ளேயே இறந்துபோனார்கள். இதற்கு ஒரே மருந்து, சமமான இரண்டு வழி இருக்கும்போது முன்கணி ஆளாளுக்கு வேறு வேறாகச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணமில்லாத ஒன்று வேண்டும். நாடுகளும் நிறுவனங்களும் ஒருவர் செய்த பெட்டியை இன்னொருவர் நம்பவில்லை. எல்லாரும் நம்புகிற ஒரே இடம் இந்தத் தேரி. கடலடியில் தகவல் வடம் போட்டுக் கிலுக்கிகளின் ஒலியை எடுத்துக்கொள்கிறோம், தேரியை எங்கள் நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள், நகரத்துக்கு வேண்டியதைக் கேளுங்கள் என்றார்.

கனிக்கு அந்த நிமிடம் இனித்தது. தன்னை ஆடவிடாமல் அனுப்பிய எந்திரம் இப்போது தன் வாசலில் வந்து நிற்கிறது. அவள் எழுந்து மணலுக்கு நடந்தாள், வழக்கம் அதுதானே. இரட்டை விழுந்தால் கொடுக்கிறேன், ஒற்றை விழுந்தால் இல்லை என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையை மணலுக்குள் விட்டாள்.

பின்னால் நின்ற பிரணதார்த்தி, "தெரியும்மா" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, அவர் குரலில் சங்கடம்தான் இருந்தது. "ரெண்டுக்கும் தயாராத்தான் வந்திருக்கோம். வடத்தோட ஒரு கப்பல் நிக்குது. நீங்க வேணாம்னா வேற வேலைக்குப் போக அதுக்கு உத்தரவும் இருக்கு. என்ன விழும்னு எங்களால சொல்ல முடியாது. ஆனா இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் மணலை அள்ளுவாங்கங்கறது எங்களுக்கு எப்பவுமே தெரியும். உலகத்துலயே எங்க முன்கணி ஒரு தடவைகூடத் தப்பாத இடம் இதுதான்."

கனியின் கை மணலுக்குள்ளேயே நின்றது. பிறகு வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

"அள்ளலைன்னா? நானே முடிவு சொன்னா என்ன சொல்லுவேன்னு கேளுங்க."

பிரணதார்த்தி தன் காதில் கை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. "தெரியாதுங்குது" என்றார். "நீங்களா எதையும் முடிவு பண்ணின தடமே அதுகிட்ட இல்லம்மா. முப்பது வருஷமா எல்லாமே மணல்தான்" என்றார்.

அவளுக்கு முதலில் வந்தது கர்வம். அடுத்து வந்தது பயம். எந்திரத்துக்குத் தெரியாதது சரி, தனக்கும் தெரியவில்லையே என்று உறைத்தது. ஒரு காலத்தில் துறைமுகப் பொறியாளர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். ஒற்றை விழுந்தது, அவள் வேண்டாமென்றாள். விழுந்தது விழுந்ததுதான் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். அவரை அவளுக்குப் பிடித்திருந்ததா என்று தன்னையே இப்போது கேட்டுப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவள் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை.

பிரணதார்த்தியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்க்கப் போனாள். கொடுத்துவிடு, நகரத்துக்கு நூறு வருடம் கவலையில்லை என்றான் துரைப்பழம். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நறுமுகையிடம் போனாள். அவர் அந்தப் பாலத்தில் இறந்தவர்களைப் பற்றியே பேசினார். மணலைக் கொடுக்காமல் இருப்பது பாவம், ஆனால் ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அவர்கள் வேலி போடுவார்கள், அதுவும் பாவம் என்றார். வழியெல்லாம் ஜனங்கள் மணல் என்ன சொல்லிற்று என்று கேட்டார்கள். அள்ளவில்லை, யோசிக்கிறேன் என்று அவள் சொன்னதும் அவர்கள் முகம் வெளுத்தது. வேலையை, ஊரை, துணையையே பந்தயம் வைத்துவிட்டுச் சிரித்தவர்கள், ஒரு மனுஷி உட்கார்ந்து யோசிக்கிறாள் என்றதும் நடுங்கிப்போனார்கள். ஒரு சிலர் ஒரு பிடி மணலை அள்ளி வந்து அவள் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

பல நாள் யோசித்தாள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சமயம் கொடுக்கலாம் என்று படும். பல் தேய்ப்பதற்குள் மாறிவிடும். இத்தனை வேதனையையா மணல் இத்தனை வருடமாகத் தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் நகர மன்றத்தைக் கூட்டிச் சொன்னாள். தேரி யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படாது. வேலி கிடையாது. உலகத்தில் யார் கேட்டாலும், அவர்களுக்கென்று தனியாக ஒரு பிடி மணல், ஒரு கிலுக்கி. ஒலியை அவரவர் இடத்துக்கே சும்மா அனுப்பிவிடுவோம். ஊர்திகள் வேறு வேறு பாலங்களில் போகட்டும். இனி மணலுக்காக யாரும் இங்கே வர வேண்டியதில்லை. விடுதிகள் காலியாகலாம். "அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன்" என்றாள்.

பிரணதார்த்தி எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போனார். அவரிடம் இரண்டு உத்தரவுகள் இருந்தன. இரண்டுமே இதற்குப் பொருந்தவில்லை.

கனி வெளியே வந்தபோது சலேத்மேரி வாசலில் நின்றிருந்தாள். அறுபது வயதைத் தாண்டியவள், வெயிலில் நடந்தே வந்திருந்தாள். மூச்சு இரைத்தது.

"கனி, நீ செஞ்சது தப்பு" என்றாள். "எங்களையெல்லாம் கேட்டியா? என் ஓட்டல்ல எத்தன பேரு வேல செய்யுதாவன்னு நெனச்சுப் பாத்தியா?"

சுற்றி நின்றவர்கள் திகைத்துப் பின்வாங்கினார்கள். மணலிடம் போய் நீ செய்தது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே அந்த நகரத்தில் அந்தச் சொல்லே புழங்காமல் போயிருந்தது. கூட்டத்திலிருந்து இன்னொருவர், தப்பில்லை, சரிதான் என்றார். ஏன் சரி என்று வேறொருவர் அவரை மடக்கினார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க வாக்குவாதம் பற்றிக்கொண்டது. பழக்கமில்லாததால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சுயம்புக்கனிக்கு உடம்பு சிலிர்த்தது. விமான நிலையம் திறந்த நாளில்கூட அவளுக்கு இந்த ஊரைப் பற்றி இத்தனை பெருமை தோன்றியதில்லை. சலேத்மேரியின் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் தப்புன்னு சொல்லுங்க அக்கா" என்றாள். "கேக்கேன்."